டிராக்டரின் பக்க ஆட்டத் தடுப்பு: செக் செயினும் தடுப்புத் தண்டும் தேர்ந்தெடுக்கும் முறை



டிராக்டர் வாங்கும்போது அதன் குதிரைத் திறன் எவ்வளவு, டீசல் எவ்வளவு பிடிக்கும், எத்தனை கிலோ தூக்கும் என்றெல்லாம் கேட்டறிகிறோம். கலப்பை வாங்கும்போது கொழுவின் இரும்பைத் தட்டிப் பார்க்கிறோம். ஆனால் டிராக்டரையும் கலப்பையையும் இணைக்கும் இரு லோயர் லிங்க்குகள் பக்கவாட்டில் எவ்வளவு ஆடலாம் என்பதை முடிவு செய்யும் சிறு உறுப்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அதுவே செக் செயின் எனப்படும் தடுப்புச் சங்கிலி. சில டிராக்டர்களில் சங்கிலிக்குப் பதிலாக ஸ்டெபிலைசர் பார் எனப்படும் தடுப்புத் தண்டு இருக்கும்.

இவ்வுறுப்பின் விலை மிகக் குறைவு. ஆனால் இது பொருந்தாவிட்டால் பின் டயரின் பக்கச் சுவர் கிழியும், பி.டி.ஓ. தண்டு வளையும், வரிசைப் பயிரில் வேர் அறுபடும், சாலையில் செல்லும்போது உயிருக்கே ஆபத்து நேரலாம். நடவுக்கு நாற்று தயாராக இருக்கும் வாரத்தில் டயர் கிழிந்தால் செலவு டயரோடு நிற்பதில்லை; பருவமும் தவறிப் போகும். ஆகவே எந்தக் கருவிக்கு எவ்வளவு ஆட்டம் தேவை, அதற்கு எந்தத் தடுப்பு ஏற்றது, அதை எப்படி அளந்து வாங்குவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் பகுதியில் ஏன் கூடுதல் கவனம்?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை, அகரம்தென் போன்ற ஊர்களில் வீட்டு மனைகளாக மாறியவை போக எஞ்சிய நிலங்கள் பெரும்பாலும் சிறு துண்டுகளாகவே உள்ளன. ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை எனப் பருவங்கள் அடுத்தடுத்து வருகின்றன. வாடகை டிராக்டர் ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு விரைகிறது.

சிறு வயலில் தடுப்புச் சங்கிலி படும் பாட்டை ஒரு கணக்கால் அறியலாம். 100 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள ஏறத்தாழ ஓர் ஏக்கர் வயலை 1.8 மீட்டர் அகல ரோட்டவேட்டரால் உழ, சுமார் 22 ஓட்டங்கள் தேவை. அதே பரப்பு 50 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள நான்கு துண்டுகளாக இருந்தால், துண்டுக்கு 11 வீதம் 44 ஓட்டங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கருவியைத் தூக்கித் திரும்பி மீண்டும் இறக்க வேண்டும். அதாவது, அதே ஒரு ஏக்கருக்குக் கருவி இரு மடங்கு முறை தூக்கப்படுகிறது. ஆறடி ரோட்டவேட்டரின் எடை ஏறக்குறைய 400 முதல் 500 கிலோ. இவ்வளவு எடை அந்தரத்தில் பக்கவாட்டில் வீசும்போது அதைத் தாங்கி நிறுத்துவது இச்சங்கிலிதான்.

மூன்று முனை இணைப்பு

இன்றைய டிராக்டர்களில் கருவியை மாட்டும் மூன்று முனை இணைப்பு, அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் வகுத்த முறையாகும். முன்பு டிராக்டரின் பின்னால் கலப்பை கட்டி இழுக்கப்பட்டது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக் கொண்டு பின்புறமாகக் கவிழும் ஆபத்து இருந்தது. கீழே இரண்டு லோயர் லிங்க்குகளும் மேலே ஒரு டாப் லிங்க்கும் கொண்டு கலப்பையை டிராக்டரோடு ஒரே உடலாக இணைத்து, நீர்மவிசையால் தூக்கி இறக்கும் முறையை அவர் உருவாக்கினார். 1939 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த போர்டு-பெர்குசன் டிராக்டர் வழியாக இம்முறை பரவலாயிற்று. 1960 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும் மாசி பெர்குசன் கூட்டுறவோடு பிறந்ததே.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. இரு லோயர் லிங்க்குகளையும் மேலிருந்து பார்த்தால், அவை டிராக்டரின் முன்புறம் நோக்கிக் குவிந்து செல்வதைக் காணலாம். அவற்றை மனத்தால் முன்னோக்கி நீட்டினால் இரண்டும் டிராக்டரின் முன்பகுதியில் ஓரிடத்தில் சந்திக்கும். கலப்பை அந்த இடத்திலிருந்து இழுக்கப்படுவது போலவே நடந்து கொள்கிறது. எனவே சிறிது ஆட்டம் விட்டால், டிராக்டர் சற்றே வளைந்தாலும் கலப்பை தானாகவே நேர்கோட்டிற்கு வந்து சேரும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் கலப்பை ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும்; சால் கோணும்; லிங்க்கும் வளையும்.

ஆகவே ஆட்டம் முழுவதும் கெட்டதும் அன்று. முழுவதும் நல்லதும் அன்று. எவ்வளவு தேவை என்பதைக் கருவியே முடிவு செய்கிறது.

எந்தக் கருவிக்கு எவ்வளவு ஆட்டம்?

1. சட்டிக் கலப்பை, மண்புரட்டும் இரும்புக் கலப்பை: இவற்றிற்கு மண்ணில் இறங்கியுள்ள நிலையில் நடுநிலையிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 5 செ.மீ. ஆட்டம் இருக்கலாம். தூக்கிய நிலையில் ஆட்டம் அடங்கிவிட வேண்டும்.

2. கொக்கிக் கலப்பை: புழுதி உழவில் சிறிதளவு ஆட்டம் போதும். கொழு எந்த நிலையிலும் டயரைத் தொடக் கூடாது.

3. ரோட்டவேட்டர், பி.டி.ஓ.வால் இயங்கும் பிற கருவிகள்: இவற்றிற்கு ஆட்டம் மிகக் குறைவாக, 1 அல்லது 2 செ.மீ.க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். நிமிடத்திற்கு 540 சுற்று சுழலும் தண்டு பக்கவாட்டில் கோணினால் அதன் குறுக்கு இணைப்புகள் விரைவில் தேயும்.

4. விதைக்கும் கருவி, பார் பிடிக்கும் கருவி, வரிசைக்கிடையே களையெடுக்கும் கொத்து, மண் சமன் செய்யும் பலகை: இவற்றிற்கு ஆட்டமே கூடாது. நிலக்கடலையை 30 செ.மீ. வரிசை இடைவெளியில் விதைத்துள்ளீர்கள் எனக் கொள்வோம். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே உள்ள இடத்தில் கொத்து 5 செ.மீ. விலகினாலும் ஒரு பக்கத்துச் செடியின் வேரை அது நெருங்கிவிடும். மறுபக்கம் களை அப்படியே நிற்கும். பூ இறங்கும் காலத்தில் இவ்வாறு நேர்ந்தால் இழப்பு நேராகக் காயில் தெரியும்.

தடுப்புகளின் வகைகள்

உட்புறச் செக் செயின்: டிராக்டரின் அடியில் நடுப்பகுதியிலிருந்து புறப்பட்டு இரு லிங்க்குகளின் உட்புறத்தில் மாட்டப்படுவது. இடது லிங்க் வெளியே போகும்போது இடதுச் சங்கிலி இறுகும்.

வெளிப்புறச் செக் செயின்: பின் அச்சின் வெளிப்பகுதியிலிருந்து லிங்க்கின் வெளிப்புறத்திற்கு வருவது. இதில் இடது லிங்க் உள்ளே போகும்போதுதான் இடதுச் சங்கிலி இறுகும். எனவே கருவி வலப்பக்கமாக அதிகம் ஆடினால், உட்புறச் சங்கிலி உள்ள டிராக்டரில் வலதுச் சங்கிலியையும், வெளிப்புறச் சங்கிலி உள்ள டிராக்டரில் இடதுச் சங்கிலியையும் சுருக்க வேண்டும். இதை அறியாமல் தவறான பக்கத்தைத் திருகி அலுத்துப் போவோர் பலர்.

நீண்டு சுருங்கும் தடுப்புத் தண்டு: ஒரு குழாயினுள் மற்றொன்று நுழையும்படி அமைந்தது. துளையில் ஊசியை இட்டால் அசையாது நிற்கும். நீள்துளையில் இட்டால் அந்த அளவுக்கு மட்டும் ஆட விடும். சங்கிலியால் இழுத்து நிறுத்த மட்டுமே முடியும். தண்டு இழுக்கவும் தள்ளவும் வல்லது. கருவியை அடிக்கடி மாற்றுவோருக்கு இதுவே மிக வசதியானது.

திடத் தண்டு: நீளம் மாறாதது. வரிசைப் பயிர்க் கருவிகளுக்கு நன்று. மண்புரட்டும் கலப்பைக்கு இதை மாட்டலாகாது.

ஒரே கருவியை ஆண்டு முழுவதும் மாட்டி வைத்திருப்போருக்கு நல்ல சங்கிலியே போதும். காலையில் சட்டிக் கலப்பை, மாலையில் ரோட்டவேட்டர் என்று வாடகைக்கு ஓட்டுவோர் ஊசி மாற்றும் தடுப்புத் தண்டை விரும்புவது நலம்.

நீளத்தை எந்த உயரத்தில் அளப்பது?

தவறான உறுப்பு வாங்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான். கருவி தரையில் கிடக்கும்போது அளந்து, அதே அளவில் இறுக்கமாக மாட்டிவிடுகிறார்கள். ஆனால் லிங்க் மேலேறும்போது சங்கிலிக்குத் தேவையான நீளம் மாறக் கூடும்.

சங்கிலியின் முன்முனை ஆணி, லிங்க் சுழலும் அச்சுக்கோட்டிற்கு நேராக இருந்தால் உயரம் மாறினாலும் நீளம் மாறாது. ஆணி அக்கோட்டிற்குக் கீழே இருந்தால், லிங்க் தூக்கப்படும்போது சங்கிலி இறுகும், இறக்கும்போது தளரும். மேலே இருந்தால் இதற்கு நேர்மாறாகும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். லிங்க்கின் சுழல் முனையிலிருந்து 45 செ.மீ. தள்ளிச் சங்கிலி மாட்டப்பட்டுள்ளது. முன்முனை ஆணி, சுழல் முனையிலிருந்து பக்கவாட்டில் 20 செ.மீ. உள்ளேயும் 5 செ.மீ. கீழேயும் உள்ளது. லிங்க் கிடைமட்டத்திற்கு 20 பாகை கீழே இறங்கியிருக்கும்போது இரு முனைகளுக்கும் இடைத்தூரம் சுமார் 47.9 செ.மீ.; 30 பாகை மேலே தூக்கப்பட்டால் சுமார் 51.7 செ.மீ. ஏறத்தாழ 4 செ.மீ. வேறுபாடு! கீழ்நிலையில் விறைப்பாக மாட்டிய சங்கிலியை நீர்மவிசை மேலே தூக்கும்போது, சங்கிலி அறும். இல்லையேல் அதைத் தாங்கும் அடைப்பு பிளக்கும்.

இதே இயல்பு சட்டிக் கலப்பைக்கு உதவியாகவும் அமைகிறது. கீழே ஆட்டம், மேலே இறுக்கம் என்பதே அதற்குத் தேவை. ஆகவே அடைப்பில் இரண்டு துளைகள் இருந்தால், கலப்பைக்குக் கீழ்த்துளையையும், ரோட்டவேட்டருக்கு அச்சுக்கோட்டிற்கு நேரான துளையையும் பயன்படுத்துங்கள். ஒரே துளைதான் உள்ளதென்றால், கருவியை முழு உயரத்திற்கு மெதுவாகத் தூக்கிப் பார்த்து, சங்கிலி விறைக்கும் இடத்திற்குச் சற்று முன்னதாக நெம்புகோல் நிற்கும்படி தடுப்பை வைத்துக் கொள்ளுங்கள்.

பெரிய டயர் போட்டு உயர்த்திய டிராக்டர்

சேற்றுப் பிடிப்புக்காகவும் உயரத்துக்காகவும் 12.4-28 டயரைக் கழற்றிவிட்டு 13.6-28 டயர் போடுவோர் உள்ளனர். முதல் எண் டயரின் அகலத்தை அங்குலத்தில் குறிக்கும். இரண்டாவது எண் ரிம்மின் விட்டம். அகலம் 1.2 அங்குலம், அதாவது சுமார் 3 செ.மீ. கூடுகிறது. இதில் பாதி, 1.5 செ.மீ., லிங்க்கின் பக்கம் வருகிறது. பின் அச்சும் சிறிது உயர்கிறது. பழைய ஆழத்திலேயே உழ வேண்டுமானால் லிங்க் முன்பைவிடக் கீழே சாய வேண்டும். ஆணி கீழே உள்ள டிராக்டரில் லிங்க் கீழே சாய்ந்தால் சங்கிலி தளரும் என்று மேலே கண்டோம். ஆக, டயர் அருகே வந்த அதே வேளையில் ஆட்டமும் கூடிவிடுகிறது. பழைய டயரில் உரசாத கருவி புதிய டயரில் உரசுவதன் காரணம் இதுவே.

ஆகவே டயர் அளவை மாற்றினாலோ, ரிம்மைத் திருப்பிச் சக்கர இடைவெளியைக் குறைத்தாலோ, டயருக்குப் பதில் முழுக் கூண்டுச் சக்கரம் மாட்டினாலோ, தடுப்பை மீண்டும் அளந்து சரி செய்தல் கட்டாயம். சேற்றுழவில் சக்கரம் கடினத் தளம் வரை இறங்குவதால் வேலை செய்யும் உயரமும் மாறும். புன்செயில் சரி செய்த அளவை நன்செயில் மீண்டும் பாருங்கள்.

சொந்தமாக ஜீப் வைத்திருப்போருக்கும் இக்கருத்து பொருந்தும். ஜீப்பின் உடல் வளைவுகளில் சாய்வதைத் தடுக்க இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டு ஒன்று உண்டு. அதன் இரு முனைகளிலும் சிறு இணைப்புத் தண்டுகள் உள்ளன. காட்டு வழிக்காக ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினால் பழைய இணைப்புகள் குட்டையாகிவிடும். உயர்த்திய அளவுக்கு ஏறத்தாழ ஈடான நீளம் கூடிய இணைப்பே பொருந்தும். ஜாக்கியில் தொங்கும்போது அளக்காமல், நான்கு சக்கரங்களும் தரையில் நிற்கும்போது அளக்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

கடைக்குப் போகுமுன்

1. பழைய உறுப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அறுந்து போயிருந்தால், ஆணியின் நடுவிலிருந்து ஆணியின் நடு வரை மூன்று நிலைகளில், அதாவது இறக்கிய நிலை, உழும் நிலை, முழுதும் தூக்கிய நிலையில் அளந்து எழுதிக் கொள்ளுங்கள். மூன்றையும் தாண்டிச் சிறிது நீட்டவும் சுருக்கவும் இடமுள்ள உறுப்பே ஏற்றது.

2. மூன்று முனை இணைப்பின் வகையைத் தெரிந்து கொள்ளுங்கள். முதல் வகையில் கருவியின் கீழ் ஆணி 22 மி.மீ., இரண்டாம் வகையில் 28 மி.மீ. தடிமன் உடையது. 28 மி.மீ. துளையில் 22 மி.மீ. ஆணியை அப்படியே மாட்டினால், சங்கிலியை எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. இடையில் உரிய புஷ் போட வேண்டும்.

3. டர்ன்பக்கிள் எனப்படும் நடுத்திருகில் ஒரு முனை வலப்புரி மரையும் மறுமுனை இடப்புரி மரையும் கொண்டிருக்கும். நீட்டிய நிலையிலும் இரு மரைகளும் போதிய அளவு உள்ளே பிடித்திருக்கின்றனவா, பூட்டு நட்டு உள்ளதா எனப் பாருங்கள்.

4. வெல்டிங் செய்து ஒட்டிய சங்கிலிக் கண்ணியை வாங்காதீர்கள். அறுந்த கண்ணியை வெல்டிங் வைத்தும் ஓட்டாதீர்கள். ஆணிக்குப் பதிலாகக் கட்டடக் கம்பியையோ சாதாரண போல்ட்டையோ செருகுவது அறவே கூடாது.

5. இரு பக்கத்திற்கும் ஒரே மாதிரியான புதிய சோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் தேய்ந்ததும் மறுபக்கம் புதியதும் இருந்தால் கருவி நடுவில் நிற்காது.

மாட்டியபின் சரி பார்க்கும் முறை

டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கைப் பூட்டி, எஞ்சினை அணைத்துவிடுங்கள். கருவி உழும் உயரத்தில் இருக்கும்படி அடியில் மரக்கட்டைகளை வையுங்கள். நீர்மவிசையை மட்டும் நம்பித் தூக்கிய கருவியின் அடியில் கையோ காலோ நுழைக்கக் கூடாது.

இடது லிங்க்கின் முனையிலிருந்து இடது டயர் வரையும், வலது முனையிலிருந்து வலது டயர் வரையும் அளந்து இரண்டும் சமமாக வரும்படி திருகுங்கள். ரோட்டவேட்டர் எனில், பி.டி.ஓ. தண்டின் நடுவிலிருந்தும் கருவியின் தண்டு நடுவிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டு, இரண்டும் டிராக்டரின் நீளவாட்டில் ஒரே கோட்டில் உள்ளனவா எனப் பாருங்கள்.

அடுத்து, கருவியைக் கடப்பாரையால் பக்கவாட்டில் நெம்பி, லிங்க்கின் பின்முனை எவ்வளவு நகர்கிறது என அளந்து கொள்ளுங்கள். சங்கிலியின் தொய்வைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சங்கிலி சாய்வாகச் செல்வதால், தொய்வு 1 செ.மீ. என்றால் பக்க ஆட்டமும் 1 செ.மீ. என்று ஆகாது, அதைவிட அதிகமாகவே இருக்கும். அதோடு சங்கிலி பெரும்பாலும் லிங்க்கின் நடுப்பகுதியில் மாட்டப்படுவதால், அங்கே 1 செ.மீ. ஆடினால் பின்முனையில் ஏறத்தாழ 2 செ.மீ. ஆடும்.

பின்னர் எஞ்சினை இயக்கி, அருகில் எவரும் இல்லாதபடி பார்த்துக் கொண்டு, பி.டி.ஓ. இணைப்பு இன்றிக் கருவியை முழு உயரம் வரை மிக மெதுவாகத் தூக்குங்கள். எந்த இடத்திலாவது சங்கிலி விறைத்து முனகினால் உடனே நிறுத்தி, அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். முதல் நாள் வேலை முடிந்ததும் பூட்டு நட்டுகளை மீண்டும் இறுக்க மறவாதீர்கள்.

சாலையில் கவனம்

தாம்பரம், வண்டலூர்ப் பகுதியில் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போக ஜி.எஸ்.டி. சாலையையோ வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையையோ தொடாமல் முடிவதில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் அப்பகுதியில் பேருந்துகள் இடைவிடாது செல்கின்றன. தூக்கிய கலப்பை ஓர் அடி பக்கவாட்டில் வீசினால், அருகே வரும் இருசக்கர வண்டிக்காரர் ஒதுங்க இடமில்லை.

ஆகவே சாலையேறும் முன், எந்தக் கருவியானாலும் ஆட்டமே இல்லாதபடி தடுப்பை இறுக்குங்கள் அல்லது ஊசியைத் திடத் துளைக்கு மாற்றுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். வயலில் இறங்கியதும் உழவுக்கு ஏற்றபடி மீண்டும் தளர்த்திக் கொள்ளலாம். கூண்டுச் சக்கரத்தோடு தார்ச் சாலையில் ஓட்டலாகாது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சேற்றில் சிக்கிய டிராக்டரைக் கொண்டு எதையேனும் இழுக்கும்போது, சங்கிலி மாட்டும் அடைப்பிலோ டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ கயிறு கட்டாதீர்கள். அடைப்பு இழுவைக்காகச் செய்யப்பட்டது அன்று. டாப் லிங்க் இடமோ அச்சுக்கு மேலே இருப்பதால், இழுக்கும்போது முன்பக்கம் தூக்கி டிராக்டர் ஓட்டுநரின் மீதே கவிழும். தாழ்ந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே கயிறு கட்ட வேண்டும்.

முடிவாக

கருவிக்கு ஏற்ற ஆட்டம், வேலை செய்யும் உயரத்தில் அளந்த நீளம், முழு உயரம் வரை தூக்கிப் பார்த்த சோதனை ஆகிய மூன்றும் சரியாக இருந்தால், டயரும் தண்டும் பயிரும் பிழைக்கும். வாடகை டிராக்டர் வந்தாலும், வேலை தொடங்குமுன் ஓட்டுநரோடு சேர்ந்து லிங்க்கின் ஆட்டத்தை ஒரு முறை அளந்து பார்க்கத் தயங்காதீர்கள். நிலமும் பயிரும் உங்களுடையவை. ஐயம் இருப்பின் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிக் கேட்டறியலாம். அடுத்த பருவத்து உழவு தொடங்குமுன் உங்கள் டிராக்டரின் தடுப்புகளை அளந்து, தேய்ந்தவற்றை மாற்றிப் பயன் பெறுவீர்களாக!